ராணியின் காதுக்குக் கீழே ஒரு பழுப்பு

என் மேசையில் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே ராணி தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய். ராணியின் காதுக்குக் கீழே மிளகளவு பழுப்புக் கறை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், துடைத்திருக்கலாமே என்கிறார்கள். எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் லேப் மேடத்தின் கதையை ஆரம்பித்துவிடுவேன்.

ஓசூரில் முலாம் பூசும் தொழிற்சாலையில் நான் லைன் இன்சார்ஜ். அங்கே கறை என்றால் ரிஜெக்ட். அந்தக் கண்ணோடுதான் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கும் போவேன். பழைய சாமான்காரரிடம் ஒரே மாதிரி இரண்டு ரூபாய்கள் அகப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தேய்மானமே இல்லை. ஆனால் பல காலம் பிளாஸ்டிக் உறையில் கிடந்ததில் இரண்டின் மேலும் பச்சையாகப் பிசுபிசுப்பு. நாணயங்களைச் சோதித்துத் தரம் போட்டுப் பெட்டியில் அடைத்துத் தருகிறவர்களுக்கு இவற்றை அனுப்ப வேண்டும் என்று ஒரே ஆசை. அழுக்கோடு எப்படி அனுப்புவது? முலாம் பூசுகிறவன் புத்தி வேலை செய்தது. ஷிப்ட் முடிந்ததும் ஒன்றை, தேய்த்து மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் காட்டினேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன்.

லேப் மேடம் எங்கள் கெமிஸ்ட். என் வயதுதான், கன்னடத்துக்காரர், முகத்துக்காகப் பேசத் தெரியாதவர். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “மூக்கு எங்க சார்?” என்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன். ராணியின் மூக்கு மழுங்கிப் போயிருந்தது. தரம் போடுகிறவர்கள் இதைத் தேய்த்த காசு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மற்ற காசைக் கேட்டு வாங்கினார். ஜன்னலைத் திறந்துவைத்து, கண்ணாடிக் குவளையில் பிசுக்கைக் கரைக்கும் அசிட்டோன் ஊற்றி, காசின் விளிம்பைப் பிடித்து மெல்ல இறக்கி மூடினார். பிறகு நிதானமாகச் சாப்பிடப் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்து பார்த்தால் பிசுபிசுப்பு கரைந்திருந்தது. புது அசிட்டோனில் இன்னொரு முறை. தேய்க்கவில்லை, துடைக்கக்கூட இல்லை, தானாக உலரவிட்டார். விளிம்பைச் சுற்றி, வெள்ளிக்கு வயதாகி ஏறிய நீலமும் ஊதாவும் எழுந்து வந்ததே, அடடா, நான் குதிக்காத குறைதான். காதுக்குக் கீழே மட்டும் பழுப்பாக ஒரு கறை. என் கை தன்னால் பஞ்சை எடுத்தது.

அவசரம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். “சும்னே இரி சார்” என்று காசை நகர்த்திவிட்டுத் தமிழில் சொன்னார்: “அந்தப் பச்சை பிளாஸ்டிக்கோடது, வந்துருச்சு. இது வெள்ளியோடது. இத எடுக்கப் போனா கூடவே வெள்ளியும் வரும். விட்டுடுங்க.”

அந்த மாதமே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. தடுக்க ஆளில்லை. காசை அனுப்ப இருந்த நாள் காலையில் குளியலறையில் நின்றேன். விரலில் பற்பசை, எதிரே பழுப்பு. ராணியின் மூக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பற்பசையால் என் பல்லையே துலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நல்ல தரத்தோடு பெட்டி திரும்பி வந்த அன்று, உடனே அவருக்கு ஃபோன் செய்தேன். என்ன தரம் என்று அவர் கேட்கவே இல்லை.

“அந்த பிரவுன் இருக்குதா சார்?” என்றார்.

லைனில் இன்றும் கறையைக் கண்டால் ரிஜெக்ட்தான் போடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, காதுக்குக் கீழே பார்க்கிறேன். இருக்குதுங்க மேடம்.