மூச்சு விடாதையும்

அம்பிகைபாகன் பிறந்தது சாவகச்சேரியில். கிளார்க் வேலை தேடிச் சிங்கப்பூருக்கு வந்தவர், அது கிடைக்காமல் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் உதவியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

ஜப்பானியர் ஆட்சியில் ஊரின் பெயர் சியோனான் ஆயிற்று, மின்சாரமும் நலிந்தது. முன்பு கண் சிமிட்டும் நேரத்தில் பதிந்த நெஞ்சுப் படத்துக்கு இப்போது நாலைந்து விநாடி பிடித்தது. அதற்குள் நோயாளி மூச்சு விட்டால் விலா எலும்புகள் ஏறி இறங்கிப் படம் கலங்கிவிடும்.

1943இல் மருதப்பன் என்ற துறைமுகத் தொழிலாளி இருமிக்கொண்டு வந்தார். சிராங்கூன் ரோட்டில் ஜப்பானியர் ஆள் பிடித்தபோது சயாம் ரயில்பாதை வேலைக்கு அவர் பெயரும் ஏறியிருந்தது. நெஞ்சில் காசநோய் என்று படம் காட்டினால் பெயரை அடித்துவிடுவதாக அதிகாரி சொல்லியிருந்தார். ஆள் ஏற்றும் லாரி மறுநாள் காலையில்.

வாசலில் காவலாள் நின்றதால் அம்பிகைபாகன் குரலைத் தாழ்த்தினார்.

“கடைசி பிலிம். உமக்கெண்டு ஒளிச்சு வச்சனான். நெஞ்சைப் பலகையோட வடிவா ஒட்டி நில்லும். மூச்சு விடக்கூடாது, விளங்குதே?”

“வெளங்குதுங்க.”

பொத்தானை அழுத்தும்போது மறுபடியும், “மூச்சு விடாதையும்” என்றார்.

“சத்தியமா விடமாட்டேங்க” என்றார் மருதப்பன். “பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லமாட்டேன்.”

ஒளித்துவைத்த பிலிமைப் பற்றி வெளியே சொல்லக்கூடாது என்று அவர் எடுத்துக்கொண்டார். இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கழுவி எடுத்த படத்தில் புண் தெரியவேண்டிய இடத்தில் புகைதான் இருந்தது. டாக்டர் ஜேசுதாசன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுல நான் எதைக் காட்டுறது?” என்றார்.

காலையில் மருதப்பன் லாரி ஏறினார்.

பிறகு கொஞ்சம் ஜப்பானிய பிலிம் வந்தது. அம்பிகைபாகன் அதன்பின் எவரிடமும் மூச்சைப் பற்றிப் பேசவில்லை. நோயாளியின் வயிற்றில் இடக்கையை வைத்துக் காத்திருப்பார். மூச்சு வெளியேறி, அடுத்தது தொடங்குமுன் வயிறு சற்றே ஓயும்; அப்போது பொத்தானை அழுத்துவார். வயிறு அசைந்ததும் விடுவார். அடுத்த ஓய்வில் மறுபடி அழுத்துவார். ஒரே பிலிமில் படம் தவணை தவணையாகச் சேர்ந்தது, தெளிவாகவும் வந்தது. அந்தக் கையின் தோல் மட்டும் கதிர் பட்டுப் பட்டு வறண்டு வெடித்து, கடைசிவரை ஆறவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் மருதப்பன் இல்லை. அவர் மனைவி தங்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“அவர இங்க படம் புடிச்சீங்களாமே. வீட்டுல வேற படமே இல்லண்ணே. குடுங்களேன்.”

எறிய மனமில்லாமல் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். தங்கம் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

“ஏண்ணே எலும்பெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது?”

“எடுக்கேக்கை கதைச்சுப்போட்டார், பிள்ளை.”

“அவரு வாய மூடிக்கிட்டு நின்னாத்தான் அதிசயம்.” தங்கம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ன சொன்னாரு?”



“உம்மைப் பற்றித்தான்” என்றார் அம்பிகைபாகன்.