ஒரு டேங்கர் காதல்

ஹிந்திப் படத்துக் காதலர்கள் வானத்து மழையில் நனைந்துதான் அப்படி உருகுகிறார்கள் என்று நம்புகிறவரா நீங்கள்? நல்ல மனசு உங்களுக்கு. ஹிந்திப் படம் எடுக்க வரும் நம்மூர் ஸ்டுடியோ ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அவர்களை நனைத்துக்கொண்டிருப்பவன் மழையண்ணன்.

வந்தது என்னவோ கழிப்பறைக் குழாயைச் சரிசெய்யத்தான். அன்றைக்குப் பார்த்துப் பாட்டு செட்டில் மழைக்குழாய் அடைத்துக்கொண்டது. ஹீரோ தெப்பலாக நனைந்து நிற்கிறான், ஹீரோயின் தலையில் ஒரு சொட்டு இல்லை. இவன் ஏணி வைத்து ஏறி, துளைகளைக் கம்பியால் குத்தி விட்டான். கொட்டியது பாருங்கள்! அதோடு மாட்டிக்கொண்டான்.

தூறலா, சாரலா, பேய்மழையா, தண்ணீர் டேங்கரின் வால்வை எத்தனை திருகு திருக வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். பின்னாலிருந்து விளக்கு அடிக்காவிட்டால் மழை கேமராவுக்குத் தெரியாது என்பதும் தெரியும். ஹிந்தியில் தெரிந்ததோ மூன்றே சொற்கள். மழை மாதத்துக்குச் சாவன், மழைக்குப் பர்சாத், தண்ணீருக்குப் பானி. மூன்றிலும் தண்ணீர்தான்.

மழைப் பாட்டு என்றாலே அவனுக்கு எரிச்சல். "நிஜ மழையில எவன்யா பாடறான்? பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். இடி இடிக்கும்போது மரத்தடியில போய்க் கட்டிப்பிடிக்கறானுங்க, செத்துத் தொலைய மாட்டானுங்களா? ரெண்டு பேரும் வசதியான வீட்டுப் பிள்ளைங்க, குடை மட்டும் ஒண்ணாம்!" என்று ஏணி உச்சியிலிருந்து திட்டுவான். ஷாட் முடிந்ததும் ஹீரோயின் மூக்கைச் சிந்துவதையும், ஹீரோ வெந்நீர் கேட்டுக் கத்துவதையும் அவனைப் போல் பார்த்தவர் யார்?

அப்படிப்பட்டவனுக்கே புத்தி கெட்டுப்போனது. கெடாமல் என்ன செய்யும்? பாட்டு ஆரம்பிக்கும்போது முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர், இவன் வால்வைத் திறந்ததும் இரண்டாவது சரணத்துக்குள் ஒட்டிக்கொள்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கண் முன்னால் நடப்பதை எத்தனை நாள்தான் நம்பாமல் இருப்பான்?

நாற்பத்தைந்து வயதில் அவனுக்குக் காஸ்ட்யூம் அக்காவைப் பிடித்துத் தொலைத்திருந்தது. அவள் கல்யாணத்துக்கு நேரமில்லாமல் புடவை காயவைத்தே நாற்பதைத் தொட்டவள். மழைப் பாட்டு என்றால் ஒரே நிறத்தில் ஆறு புடவை வேண்டும். ஹீரோயின் ஒவ்வொரு டேக்கிலும் காய்ந்த புடவையோடு வந்துதான் நனைய வேண்டும். நனைந்ததைப் பிழிந்து, ஹேர் டிரையர் காட்டி, இஸ்திரி போட்டு, அடுத்த டேக்குக்குத் தயார் செய்வது அக்கா. ஈரத்தில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். காலையில் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவனுக்கு நீட்டுவாள். அந்த அரை மூடி டீக்காகவே அவன் நாலு வருடமாக லீவு போடவில்லை. ஆனால் நீட்டும்போது "இந்தாங்க மழையண்ணே" என்பாள். அந்த "அண்ணே"தான் அவன் தொண்டையில் சிக்கும்.

அன்றோடு படம் முடிகிறது. மறுநாள் அவள் வேறு ஊரில் வேறு கம்பெனிக்குப் போகிறாள். இன்று சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் மொத்த யூனிட்டும் கொட்டகையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தது. அட்டை வீடுகள் நிற்கும் செட் தெருவில் அக்கா தனியாக வருவதைப் பார்த்தான். முகத்தை மட்டும்தான் பார்த்தான், பாவி. வால்வை முழுசாகத் திறந்தான். ஒற்றைக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவள் இரண்டு தோளிலும் ஆறு புடவை. ஆறும் அப்போதுதான் இஸ்திரி போட்டவை.

"யோவ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொட்டகையில் நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். "அறிவிருக்காய்யா உனக்கு? எல்லாம் போச்சே!"

குடையை விரித்தபடி நின்ற மழையண்ணனுக்கு, "அண்ணே" போய் "யோவ்" வந்ததில் ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. மறுநொடி அவள் கண்ணைப் பார்த்ததும் குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினான்.

"நாளைக்குப் போயிடுவீங்க... ஒண்ணு சொல்லணும்னு... பாட்டுல எல்லாம் மழை வந்ததும்..."

"வாயால சொல்றதுக்கு என்ன? நாலு வருஷமா டீ ஊத்தித் தந்தேனே, அப்ப வாயில என்ன இருந்துச்சு?"

அவன் சொன்னான். அட்டை வீடுகளின் தகரக் கூரையில் கொட்டிய தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை.

"கேக்கலை! முதல்ல அந்தக் கருமத்தை நிறுத்து!"

ஓடிப்போய் வால்வை மூடினான். குழாய்கள் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு ஓய்ந்தன. அந்த மாதிரி ஒரு அமைதியை அவன் அந்த ஸ்டுடியோவில் கேட்டதே இல்லை. நாற்பது பேரும் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, இடி இல்லை, மேலே சுள்ளென்று வெயில். பாட்டில் வரும் ஒரு பயலுக்கும் இந்த நிலைமை வந்திருக்காது. சொல்வதற்குள் அவனுக்கு உயிர் போய் வந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா. என்னைக் கட்டிக்கறீங்களா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று புடவைகளை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"சரி. பிழி."

அவனும் ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தான். ஈரத்தில் முனை வழுக்கி வழுக்கிப் போனது. மூன்றாவது புடவையில் தாங்க முடியாமல் மெதுவாகக் கேட்டான். "சரின்னீங்களே... எதுக்கு?"

"நீ கேட்டதுக்குத்தான்யா," என்றாள் அவளும் மெதுவாக, மறுமுனையை முறுக்கிக்கொண்டே. "அதையும் அந்த நாப்பது பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லணுமாக்கும்?"