அரை மொட்டை

பிறர் சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே சொல்லிவிடுவது கொஞ்சம் கௌரவம். இருபத்து மூன்று வயதில், நெற்றியிலிருந்து உச்சிவரை மழமழவென்று சிரைத்துக்கொண்டு, பின்னந்தலையில் ஒரு சடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நான் கும்மிடிப்பூண்டியில் பதினெட்டு நாள் நடமாடியிருக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டுதலும் கிடையாது. சித்தம் சரியில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். சீனப் படம் பார்த்தேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் டிவி. ராஜா காலத்துச் சீனா. வெள்ளைப் புருவக் கிழவர் ஒருவர் மூங்கில் நுனியில் நின்றுகொண்டு, கீழே நின்ற நாற்பது சிப்பாய்களுக்கு வாழ்க்கைத் தத்துவம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சேனல மாத்துப்பா" என்றேன்.

"சார், செம படம் சார். இப்பதான் பறக்கப் போறாரு."

"தெரியும். மாத்து."

கத்தி சலூன்காரர் கையில் இருந்தது, கழுத்து என்னுடையது. இருந்தும் என் குரலைக் கேட்டு அவர்தான் ஓரடி பின்னால் போனார். வேறு சேனலை வைத்துவிட்டு, என் கன்னத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்தார். அந்த எரிச்சலில்தான் எல்லாம் திரும்பி வந்தது.

இந்தப் படங்களோடு எனக்கு நேரடிப் பகை. ஒரு சாப்பாட்டுக் கடையைக் காட்டினால் அது நொறுக்கப்படுவதற்கே கட்டப்பட்டது என்று அர்த்தம். அந்த நாட்டில் ஆசாரிகளுக்கு ஓய்வே இருந்திருக்காது. குருவைக் கொன்றவனைத் தேடிச் சீடன் பத்து வருஷம் அலைவான். கொன்றவனோ அடுத்த மலையில்தான் சௌக்கியமாக இருப்பான். நம் ஊருக்கு வந்த பிரதிகளில் பேரரசர் "யாரங்கே!" என்று செந்தமிழில் கர்ஜிப்பார்; கொள்ளைக்காரன் "இன்னா நைனா, மேல கைய வெக்கற?" என்பான். வாய் மூடிய பிறகும் வசனம் கொஞ்ச தூரம் தனியாக ஓடும்.

அப்போது நான் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ரோலிங் மில்லில் டிரெய்னி. சிவக்கச் சிவக்க வெளியே வரும் கம்பிகளைக் கொக்கி போட்டு இழுத்து, ஆறுவதற்காக வரிசையாகத் தள்ளிவிடுகிற வேலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தியேட்டர், நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகவே காலைக் காட்சி போடும். படம் பார்க்க அல்ல, தூங்க. தகரக் கூரை அறையில் ஏழு பேரோடு பகலில் வேகுவதைவிட மின்விசிறிக்கு அடியில் மூன்று மணி நேரம் நிம்மதி. உள்ளே நுழைந்தால் ஃபர்னஸ் ஆயில், இரும்புத் தூசி, வியர்வை, நாஷ்டாவுக்குத் தின்ற வடகறி எல்லாம் கலந்து ஒரு வாடை. சீனப் படம்தான் ஓடும். தூங்குகிறவனுக்கு எந்த நாட்டுப் படமாக இருந்தால் என்ன? வாளோடு வாள் மோதினால் இருட்டிலிருந்து யாராவது எழுந்து, "யோவ் ஆப்பரேட்டரு, சவுண்ட கொறய்யா, மனுசன் தூங்க வாணாமா?" என்று கத்துவார்.

முழித்துக்கொண்டு பார்த்த கோஷ்டி இரண்டே பேர். நானும், என்னோடு வேலை செய்த ஆரம்பாக்கத்துச் சீனுவும்.

ஒரு படத்தின் கதாநாயகன் கூலிக்காரன் மகன். ஆயிரம் படி ஏறித் தண்ணீர் சுமப்பவன். கடைசியில் தளபதி வந்து "மண்டியிடு" என்பான். இவன் முழங்கால் மடங்காது. முன்தலை பித்தளைச் சொம்பின் அடிப்பாகம்போல் பளபளக்க, பின்சடையைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பான். அந்தக் கழுத்து என்னை என்னவோ செய்தது. எங்கள் குடும்பத்தில் கழுத்துகள் அப்படி நின்று நான் அதிகம் பார்த்ததில்லை. நைனா (என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாதி வயதுவரை நிலக்காரர் வீட்டில் நாற்று சுமந்தவர். அவர்களை 'ஆண்டே', அதாவது எசமானே, என்று கூப்பிட்டவர். பேட்டையில் லோடுமேனாகச் சேர்ந்த அன்றைக்கு அந்த வார்த்தையை விட்டார். பீடியை விட முடியவில்லை, ஆண்டேயை விட்டார்.

ஒன்பது மாதம் முடி வளர்த்தேன். ஒரு சாண்தான் வந்தது. ஸ்டேஷன் ரோடு சலூனில் போய்ப் படத்தை விளக்கினேன். சலூன்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"மொட்டைன்னா மொட்ட. கட்டிங்னா கட்டிங். அரை மொட்டைலாம் அந்தக் காலத்துல திருடனுக்கு அடிச்சி, கழுத மேல ஏத்துவாங்க. நீ இன்னா திருடனா?"

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சீனுவின் அறை வாசலில், சீனுவின் கையால், சீனுவின் பிளேடால் அந்தப் புனித காரியம் நடந்தது. மூன்று இடத்தில் ரத்தம். நீளம் பற்றாததற்கு என் தங்கையின் சவுரி முடியைத் திருடி வந்து சேர்த்துப் பின்னிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். சீன வீரன் தெரிந்தான். சீனுவுக்கும் தெரிந்தான் என்றுதான் சொன்னான். பத்து வருஷம் கழித்துத்தான் மறுத்தான்.

எங்கள் இருவரையும் தவிர வேறு யாருக்கும் அந்த வீரன் தெரியவில்லை. முன்தலை மழிப்பும் பின்னால் முடிக்கற்றையும் எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் உண்டு. நிலக்காரர் தெருக் கோயிலில் பூசை செய்யும் குருக்களுக்கு. இந்த ஒரு விஷயம் எனக்கு ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. புத்திசாலிகள் இப்படித்தான் கெடுவார்கள்.

காலனித் தண்ணீர்க் குழாயடியில் முதல் குரல் வந்தது. "இன்னாபா, வேதத்த வுட்டுட்டு வேதம் ஓதப் போய்ட்டியா?" நாங்கள் வேதக்காரக் குடும்பம். நைனா சர்ச்சிலிருந்து பைபிளும் கையுமாக அப்போதுதான் வந்தார். என்னைப் பார்த்தார். பைபிளைப் பத்திரமாக மேலே வைத்தார். பிறகு சடையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். சவுரி கையோடு வந்துவிட்டது. மகன் முடியை வேரோடு பிடுங்கிவிட்டோம் என்று ஒரு கணம் வெலவெலத்துப் போனார். "அது என்துபா!" என்று உள்ளேயிருந்து தங்கை கத்திய பிறகுதான் உயிர் வந்தது, கூடவே கோபமும்.

"நாளிக்கு வேல முடிச்சி வரப்ப மொத்தமா எடுத்துட்டு வர்ற. இல்ல, இந்த ஊட்டாண்ட உன்ன பாக்கக் கூடாது."

மறுநாள் மில்லில், "சாமி, அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்லணுமா?" என்றார்கள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இதெல்லாம் பரவாயில்லை. மதியம் முரளி சார் கூப்பிட்டார். எங்கள் ஷிப்டுக்குப் பொறுப்பாளர். நைனா நாற்று சுமந்த அதே நிலக்காரரின் மகன். நிலத்தில் அவர்கள் எங்களுக்கு என்னவோ, மில்லில் இவரும் அதுவாகவே அமைந்துவிட்டார்.

"இது இன்னா வேஷம்?"

"சைனா ஸ்டைல் சார்."

"எங்க குருக்கள கிண்டல் பண்றியா?"

"இல்ல சார், படத்துல..."

"மெஷின்ல மாட்டுனா யாரு பதில் சொல்றது? சேஃப்டி தெரியுமா? பர்மனென்ட் லிஸ்ட் போறதுக்குள்ள எடுத்துடு. இல்லன்னா அதுல உன் பேரு இருக்காது." திரும்பி நடந்தவர் நின்றார். "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. அனல் அடிக்கிற இடத்தில் முன்தலையில் முளைத்த குட்டி முடி ஹெல்மெட்டுக்குள் முள்ளாகக் குத்தியது. வீட்டிலும் எடு என்கிறார்கள், மில்லிலும் எடு என்கிறார்கள். எடுத்துவிடலாம். சாயங்காலம் இதைச் சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். நைனா வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"எடுக்கல?"

"நாளிக்கு எடுத்துர்றேன் நைனா. முரளி சாரும் எடுக்கச் சொல்ட்டாரு."

எண்ணெய் விட்ட கை நின்றது. "யாரு?"

"முரளி சார். சேஃப்டியாம். அப்பால, உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னாரு."

நைனா செயினை ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டுப் பார்த்தார்.

"அப்ப எடுக்காத."

"நைனா?"

"எடுத்தீன்னா ஊட்டுக்குள்ள வராத."

அன்றிலிருந்து அது என் தலையே இல்லை. வைத்திருந்தால் வேலை கிடையாது, எடுத்தால் வீடு கிடையாது. சீனாவில் எந்த வீரனுக்கும் இப்படி ஒரு நெருக்கடி வந்ததாக நான் பார்த்த படங்களில் இல்லை. படம் பார்த்தது நான், சண்டை போட்டது நைனா. முன்தலையில் முடி முளைத்தால் அவரே தன் ஷேவிங் செட்டோடு வந்து உட்கார்ந்தார். "ஆடாத" என்று அதட்டிக்கொண்டு, ஒரு கீறல் விழாமல் மழித்துவிடுவார். சீனுவைவிட நல்ல கை. சர்ச்சில் பாஸ்டர் கேட்டதற்கு, "அது வேலை விஷயம் ஐயரே" (பாஸ்டரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) என்று முடித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு என்னோடு வந்தார். முரளி சார் தன் பைக்கை நிறுத்தினார்.

"இன்னா, புள்ளைக்கு புத்தி சொல்ல மாட்டியா? நான் அவன் நல்லதுக்குதான் சொல்றேன். சேஃப்டி."

"உங்க நைனாவும் எங்க நல்லதுக்குதான் சொல்வாரு" என்றார் என் நைனா. "துண்ட தோள்ல போடாத, கக்கத்துல வெச்சிக்கோ, கீழ வுழுந்துடும்னு."

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ரோட்டைப் பார்த்தார்கள். முரளி சார் முகம் எங்கள் ஃபர்னஸ் வாய்போல ஆனது. "வெள்ளிக்கிழம லிஸ்டு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டு, ஏதோ பஸ் டைம் விசாரிக்க வந்தவர்போலத் திரும்பி நடந்தார்.

படமாக இருந்தால் இங்கே முரசு ஒலிக்கும். நான் சடையைக் கழுத்தில் சுற்றிப் பல்லால் கடித்திருக்க வேண்டும். ஆனால் கழுத்தைச் சுற்ற ஒரு சாண் போதாது. எனக்கு இருந்த தைரியமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். டிரெய்னி காலம் முடிந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள், மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தெரிந்த முகம் வருமா என்று உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கில் மேல் பறந்தவர்களில் எவனாவது பர்மனென்ட் ஆனானா? வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேரே அதே சலூனுக்குப் போனேன்.

"மொட்டதானே?" என்றார் சலூன்காரர். "அத்த அப்பவே சொன்னேன்."

வெள்ளிக்கிழமை போர்டில் என் பெயர் இருந்தது. முரளி சார் என் தலையைப் பார்த்தார். முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மாடு வாங்குகிறவர்கள் அப்படித் தட்டுவார்கள்.

வீட்டில் நைனா கதவைச் சாத்தவில்லை. அவ்வளவு நாள் மிரட்டியவர் நகர்ந்து எனக்கு வழிவிட்டார். மறுநாள் குழாயடியில் ஒரு கிழவர், என் மழித்த தலையைப் பார்த்துப் பதறிப்போய் அவரிடம் கேட்டார். "இன்னாபா, புள்ள மொட்ட அடிச்சிக்கினு கீறான்? யாரு தவறிட்டாங்க?"

"நான்தான்" என்றார் நைனா. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

முடி வளர்ந்துவிட்டது. அவர் என்னோடு பேச அதைவிட அதிக நாள் ஆனது.

இப்போது அந்தத் தியேட்டர் இரும்புச் சாமான் போடும் குடோன். காலைக் காட்சியில் தூங்கியவர்கள் எந்த ஊர்களில் கண் விழிக்கிறார்களோ தெரியாது. மில் கை மாறி, பெயர் மாறி, கடைசியில் மதில் மட்டும் மிச்சம். முரளி சாரின் நிலத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அவர் எதிரே வந்தால் நானும் அவரும் இப்போது சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். குழாயடியில் குழாய் இல்லை. நைனாவும் இல்லை.

அவர் இருந்தபோதே, இது நடந்து பல வருஷம் கழித்து, திருவள்ளூர் நூலகத்தில் சீன வரலாறு ஒன்று கையில் கிடைத்தது. அந்த அரை மொட்டையும் சடையும் வீரர்களின் அடையாளமே இல்லையாம். வடக்கேயிருந்து வந்து நாட்டைப் பிடித்தவர்கள், தோற்றவர்களின் தலையில் போட்ட உத்தரவு அது. முன்தலையை மழி, இல்லையென்றால் தலையை எடுப்போம். பின்னாளில் அரசனை எதிர்த்துக் கிளம்பியவர்கள் முதலில் செய்த காரியம், சடையை வெட்டி எறிந்ததுதான். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படியானால் சலூனில் நான் செய்தது கோழைத்தனமே இல்லை! புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போனேன். நைனாவை உட்காரவைத்து ராஜா, படையெடுப்பு, உத்தரவு, புரட்சி எல்லாவற்றையும் வரிவிடாமல் சொன்னேன். "அத்த வெச்சிக்கினு இருந்ததுதான் நைனா அடிமைத்தனம். வெட்னதுதான் வீரம்" என்று முடித்தேன்.

நைனா கடைசிவரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"சரி" என்றார். "நீ யாரு சொல்லி வெட்ன?"