தேர்தலுக்கு வாங்கி வச்ச துப்பாக்கியும் பஞ்சர் கடை காத்தும்

1. ரூமுக்குள்ள கொளம்

ஷட்டரத் தூக்குனேன், உள்ள கெடந்த மொதலாளி செருப்பு மெதந்து வந்து என் கால்ல முட்டுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இன்னைக்கு நம்ம கதை கந்தல்னு.

பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சுட்டு மதுரை பழங்காநத்தத்துல ஒரு துப்பாக்கிக் கடையில வேலைக்குச் சேந்திருந்தேன். சிரிக்காதீக, கவர்மெண்ட் லைசென்ஸ் உள்ள கடை. தேர்தல் வந்துட்டா துப்பாக்கி வச்சிருக்கவுக அத ஸ்டேஷன்லயோ எங்கள மாதிரி கடையிலயோ ஒப்படைச்சிரணும். ஓட்டு எண்ணி முடிஞ்சப்பெறகு வந்து வாங்கிக்கிடலாம். அந்தத் தடவ உள்ளாட்சித் தேர்தல். ஐப்பசி மாசம். ராத்திரி பூரா ஊத்துன மழையில சாக்கடைத் தண்ணி கடைக்குள்ள வந்துருச்சு. எங்க ஸ்ட்ராங் ரூம் வேற தரையில இருந்து பள்ளம். மேல் ரேக் தப்பிச்சுச்சு. கீழ் ரேக்ல இருந்த துப்பாக்கி அம்புட்டும் மணலும் தண்ணியுமா ஊறிக் கெடக்கு.

மொதலாளி சௌராஷ்ட்ராக்காரரு. கடையில தமிழ்தேன் பேசுவாரு, பதறிட்டாருன்னா வீட்டு பாஷைக்குப் போயிருவாரு. அன்னைக்கு ரூம எட்டிப் பாத்ததும் வீட்டு பாஷையில என்னென்னமோ சொன்னாரு. கடைசியா எனக்குப் புரியிற மாதிரி கத்துனாரு.

"எண்ணெய் டின்ன எடுடா! எல்லாத்து மேலயும் ஊத்து!"

"ஊத்தக்கூடாது மொதலாளி."

"எங்கப்பா காலத்துல இருந்து நனைஞ்சா எண்ணெய்தேன். நீ யார்றா ஊத்தக்கூடாதுங்க?"

"உள்ள ஈரம் இருக்கு, மணல் இருக்கு. மேல எண்ணெயப் போட்டா ரெண்டுக்கும் மூடி போட்டு வச்ச மாதிரி. இன்னைக்கு பளபளன்னு இருக்கும், பத்து நாள்ல சொறி புடிச்சுப் போகும்."

அவரு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. "ஓட்டு எண்ணியாச்சு, நாளைக்கு காலையில எல்லாரும் துப்பாக்கிய வாங்க வாராக. மொத ஆளு ஒச்சப்பண்ணே. ஒரு துருப் புள்ளி பாத்தாருன்னா நேரா கலெக்டர் ஆபீஸ்ல மனு. லைசென்ஸ் போச்சுன்னா கடையே போச்சு. புரியுதாடா டிகிரி?"

சேந்த நாள்ல இருந்து என் பேரே டிகிரிதேன். பாராட்டு இல்ல, நக்கல்.

"புரியுது. இன்னைக்கு ஒரு நாள் என் கையில விடுங்க."

2. துப்பாக்கிக்கு எம்புட்டு பிரஷர்?

மொத வேலை, ஒவ்வொண்ணையும் மடக்கித் தொறந்து உள்ள தோட்டா இல்லங்குறத கண்ணால பாக்குறது. வாங்கி வைக்கும்போதே பாத்தோம், இருந்தாலும் திரும்பப் பாக்கணும். இதுல மட்டும் எனக்குத் திமிரு கெடையாது.

பெறகு கழட்டு. பேரல் தனி, மரக்கட்டை தனி. சாக்கடைத் தண்ணி பட்ட இரும்ப நல்ல தண்ணியில கழுவுனேன். "நனைஞ்சத திரும்ப நனைக்கிறான் பாரு"ன்னு மொதலாளி தலையில கைய வச்சாரு. மணலு போகாம தொடச்சா துணியே உப்புத்தாள் ஆயிரும்னு சொன்னேன். பேரலுக்குள்ள துணி சுத்துன கம்பிய பின்வாசல் வழியா விட்டு முன்வாசல் வழியாத் தள்ளணும். மாத்தித் தள்ளுனா மணலு தோட்டா போடுற பக்கம் வந்து சேந்துக்கிரும்.

பேரல் சரி. ட்ரிகருக்கு உள்ள, ஸ்பிரிங் சந்துல நிக்கிற தண்ணிய என்ன செய்ய? ஃபேன் போடலாம்னா கரண்ட் இல்ல. பக்கத்துல செல்வண்ணே பஞ்சர் கடை. டீசல் இன்ஜின் கம்ப்ரஷர். ஓடுனேன்.

"அண்ணே, காத்து வேணும்."

"வண்டி எங்க மாப்ள?"

"வண்டிக்கு இல்ல, துப்பாக்கிக்கு."

செல்வண்ணே ஸ்பேனரக் கீழ வச்சாரு. "துப்பாக்கிக்கு எம்புட்டு பிரஷர் வைக்கணும்? முன்னாடி எம்புட்டு, பின்னாடி எம்புட்டு?"

துப்பாக்கிய கடைய விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. அதனால கம்ப்ரஷர தெருவுல நிறுத்தி ஹோஸ மட்டும் ஷட்டருக்கு அடியில விட்டோம். "டாங்க்ல தேங்கி நிக்கிற தண்ணிய மொதல்ல எறக்குங்கண்ணே, இல்லாட்டி காத்தோட சேந்து அதுவும் வரும்"னேன். "விவரந்தேன்டா நீயி"ன்னாரு. எறக்கிட்டு அடிச்சோம். ஒவ்வொரு சந்துல இருந்தும் தண்ணியும் மணலும் பிச்சுக்கிட்டு வந்துச்சு. மொதலாளி சட்டையெல்லாம் சேறு. அவரு வெலகிப் போகல. கிட்ட வந்து டார்ச் அடிச்சாரு.

மதியம் வெயில் வந்துச்சு. பின்னாடி கிரில் போட்டுப் பூட்டுன முத்தத்துல பேரலையெல்லாம் வாய் கீழ பாக்க சாத்துனோம், தொட்டா கை சுடுற வரைக்கும். கட்டையெல்லாம் நெழல்ல. மரத்த வெயில்ல போட்டா வெடிச்சிரும். அம்புட்டும் காஞ்சப்பெறகுதேன் எண்ணெய் டின்னத் தொட்டேன். மெல்லிசா ஒரு தொடப்பு, அம்புட்டுத்தேன்.

3. ஒச்சப்பண்ணன் துண்டு

ஒச்சப்பண்ணே செக்கானூரணிப் பக்கம் தோட்டம் வச்சிருக்கவரு. மறுநாள் நான் வெளக்குப் பொருத்தி சாமி கும்பிடுறதுக்குள்ள வந்துட்டாரு. மொதலாளி பம்மாம நேராவே சொன்னாரு: "அண்ணே, மழைத் தண்ணி உள்ள வந்துருச்சு. உங்களுது நனைஞ்சிருச்சு. கழட்டிக் கழுவி வச்சிருக்கோம், பாத்துக்கங்க."

ஒச்சப்பண்ணே மூஞ்சி செவந்துபோச்சு. தோள்ல இருந்த வெள்ளைத் துண்டு முனைய கம்பியில சுத்தி பேரலுக்குள்ள விட்டு உருவுனாரு. வெள்ளையாவே வந்துச்சு. திருப்பிப் பாத்தாரு. பேரல வெளிச்சத்துல ஆட்டிப் பாத்தாரு.

"இது என் துப்பாக்கி இல்ல."

மொதலாளிக்கு வேர்த்துருச்சு. "என்னண்ணே, நம்பரப் பாருங்க..."

"நம்பர எவனும் கொத்தலாம். என்னுது கருப்பு. இது நீலமா மின்னுது. எவன் துப்பாக்கியவோ தள்ளி விடுறீகளா?"

நான் குறுக்க வந்தேன். "அண்ணே, அதோட கலரே நீலந்தேன். நீங்க ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அப்புன சந்தனம், அதுக்கு மேல எண்ணெய், அதுக்கு மேல புழுதி. அதத்தேன் இம்புட்டு நாளா கருப்புன்னு நெனச்சிட்டீக. கழுவித் தொடச்சதுல அம்புட்டும் போயிருச்சு. மடக்கிப் பாத்துட்டு தோள்ல வைங்க. அப்புறம் சொல்லுங்க."

மொறச்சாரு. மடக்கி, காலியான்னு பாத்து மூடுனாரு. செவுத்தப் பாத்து தோள்ல வச்சு கன்னத்தச் சாச்சாரு. கட்டையில அவரு கன்னம் தேச்ச பள்ளம் இருக்குல்ல, அதுல கன்னம் போயி கச்சிதமா உக்காந்துச்சு.

எறக்கிட்டு மொதலாளியப் பாத்தாரு. "என்னுதுதேன்." கெளம்புனவரு வாசல்ல திரும்பி நின்னாரு. "என் மச்சான் துப்பாக்கியும் இங்கதேன இருக்கு? அது நனைஞ்சுச்சா?"

"இல்லண்ணே, அது மேல் ரேக்கு. ஒரு சொட்டு படல."

"அப்ப அதையும் நனைச்சுக் குடுங்கப்பா."

செல்வண்ணே சிரிச்ச சத்தம் தெருவுல கேட்டுச்சு. மனுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த வாரம் மேல் ரேக்ல இருந்ததையும் வரிசையாக் கழட்டுனோம், கேட்டவுகளுக்கெல்லாம். ஹோஸ இழுத்து விடச் சொல்லி மொதலாளியே தெருவுக்கு வந்து கத்துனாரு: "செல்வம், நம்ம டிகிரிக்கு காத்த விடப்பா!" அதே பேருதேன். ஆனா இந்தத் தடவ முன்னாடி ஒரு "நம்ம" சேந்திருந்துச்சு.

புதுசா இந்த வேலைக்கு வர்ற தம்பிகளா, கையெல்லாம் எண்ணெய் டின்னுக்குத்தேன் போகும். போக விடாதீக. காலியான்னு பாரு, கழுவு, காய வை. எண்ணெய் கடைசியா வரட்டும்.