புகை வாடை அடித்த ஸ்காட்ச்

1. மோந்து பார்த்தது

நான் கொல்லிமலையில் ஒரு லாட்ஜில் சமையல்கட்டில் இருந்தேன். லாட்ஜுக்கு மிளகு வாங்குவதும் நான்தான். மோந்து பார்த்தே தரம் சொல்வேன். முதலாளிக்கு அதில் நம்பிக்கை.

ஒரு மத்தியானம் பாரில் சத்தம். சேலத்துக்காரர் ஒருவர் கிளாஸைத் தள்ளிவிட்டார்.

"ஏனுங்க, இது ஸ்காட்ச்சா? அடுப்பைக் கழுவி ஊத்துனாப்ல இருக்குது."

விலை குறைந்த பிளண்டட் ஸ்காட்ச். அந்த பிராண்ட் அன்றுதான் முதல் தடவை வந்திருந்தது. முதலாளிக்குக் குடிப் பழக்கம் இல்லை. ஸ்டோர் பார்த்த ராஜாங்கம் அண்ணன் எதையோ கலந்துவிட்டார் என்று சந்தேகப்பட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளையா, நீ மோந்து சொல்லு."

மோந்தேன். புகை வாடை.

மலையில் எங்கள் ஊர்ப் பகுதியான திருப்புலி நாட்டில் மழை விடாவிட்டால் மிளகை அடுப்புக்கு மேல் பரணில் காய வைப்போம். அதில் புகை ஏறிவிடும். வியாபாரி மூட்டையைக் காலால் தள்ளுவான். அதை நல்ல மிளகோடு கலந்து விற்கிறவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த புகை அது ஒன்றுதான்.

"புகை அடிக்குதுங்க. கலப்படந்தானுங்க."

ராஜாங்கம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சாமி, இன்னொருக்கா பாரு. சீலு இப்பத்தான் உடைச்சேன்."

"எம் மூக்கு தப்பாதுங்கண்ணா" என்றேன்.

வேலையை விட்டு நிறுத்தி, அடுத்த பஸ்ஸில் அவரை அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கிவிட்டார்கள். என்னைப் பாருக்கு மாற்றினார்கள்.

2. நாலு கிளாஸ்

சில மாதம் கழித்து, சரக்கு சப்ளை செய்கிறவர் பார் ஆட்களுக்கு ருசி பார்க்கப் பாடம் நடத்த வந்தார். நாலு கிளாஸ் வைத்தார். முதலில் நிறம் பார்க்கணும். வாயை லேசாகத் திறந்துகொண்டு மோக்கணும். ஒரு மிடறை நாக்கில் உருட்டணும். பிறகு ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி.

மூன்றாவது கிளாஸில் அன்றைக்கு வந்த அதே பிராண்ட், அதே புகை வாடை.

"இது கெட்டதுங்களா?"

"கெட்டதா? பார்லியைப் புகையில காய வைப்பாங்க. அந்த வாசம். மொதல்ல புகை, அப்புறம் லேசா தேன் இனிப்பு. இந்த வெலைக்கு நல்ல சரக்குங்க."

தண்ணீர் விட்டுக் குடித்தேன். இனிப்பு வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். "ராஜாங்கம் அண்ணன் மேல தப்பில்லீங்க. திரும்பக் கூப்பிடுங்க."

"ஸ்டோருக்கு ஆள் போட்டாச்சு. உனக்கென்ன, நோகாம பார்ல நிக்கிறயில்ல?"

3. காரவள்ளி

காரவள்ளியில் ராஜாங்கம் அண்ணன் லாரிக்கு மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தோளில் இருந்த மூட்டையை இறக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எந்த லாட்ஜுக்காரனும் என்னைய ஸ்டோர் சாவி தொட விடறதில்ல. எம் மவளே கேட்டுப்போட்டா, ஏம்ப்பா கலந்தீங்கன்னு."

"தெரியாமச் சொல்லிட்டனுங்கண்ணா."

"தெரியலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே கண்ணு. அதுக்கு முன்னால நீ ஸ்காட்ச்ச எப்பக் குடிச்ச?"

குடித்ததே இல்லை. அவர் மூட்டையோடு லாரிக்குச் சாய்த்திருந்த பலகை மேல் ஏறிப்போனார்.

பார் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புது பாட்டிலைக் கொடுத்து எப்படி என்று கேட்டால், "இதை நான் குடிச்சதில்லீங்க" என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் மோந்து பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். ராஜாங்கம் அண்ணன் இன்னும் மூட்டைதான் தூக்குகிறார்.