பேச்சுக்கு இரண்டு மதிப்பெண்

என்ன வேலை என்று யாராவது கேட்டால், நோயாளிகளின் முகத்தையே பார்க்காமல் நாள் முழுக்க அவர்களோடு இருக்கும் வேலை என்பேன். மராத்தி பேசும் இந்த ஊரில், கராடிப் பகுதியில் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து வரும் பதிவுகளைச் சரிபார்க்கிறேன். எந்த நிலையில் வந்தவர்கள் பிழைத்தார்கள், யார் போனார்கள், ஏன் என்று ஆராயும் ஒரு மருத்துவர் குழுவுக்காக. பெயரும் ஊரும் இருக்காது. வயது, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, கடைசியில் முடிவு. அவ்வளவுதான்.

நினைவுக்கு மூன்று விதமாக மதிப்பெண் போடுவார்கள். கண் திறக்கிறாரா, சொன்னபடி கையைத் தூக்குகிறாரா, பேச்சு எப்படி இருக்கிறது. பேச்சுக்கு ஐந்து என்றால் தெளிவு. மூன்று என்றால் சம்பந்தமில்லாத சொற்கள். இரண்டு என்றால் வெறும் சத்தம்.

அன்று மதியம் ஒன்றோடொன்று ஒத்துவராத வரிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒருவருக்குக் கண் நன்றாகத் திறந்திருக்கிறது, கை சொன்னதைக் கேட்கிறது, பேச்சு மட்டும் இரண்டு. எவரோ அவசரத்தில் தப்பாகத் தட்டியிருப்பார்கள் என்ற எரிச்சலோடு செவிலியர் குறிப்பைத் திறந்தேன். 'இடது ஆள்காட்டி விரல் பாதி இல்லை, ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை வலது கையில் மாட்டவும்' என்று இருந்தது.

கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில் லேத்துக்கு அந்த விரலைக் கொடுத்தவர், போன வருடம் இறந்த என் அப்பா. வயது எழுபத்தொன்று. நுரையீரலில் தொற்று. மூன்றாம் நாள் மரணம். தெரிந்தவர் என்று பட்டால் அந்த வரியை உடனே மூடிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. நான் மூடவில்லை.

இரண்டாம் நாள் காலைக் குறிப்பு இது: நோயாளி திரும்பத் திரும்ப 'கானடி' என்கிறார். பேச்சுக்கு மூன்று போட்டிருந்தார்கள். மாலைக் குறிப்பு: கன்னடம் தெரிந்த வார்டு ஊழியரை வரவழைத்தோம், இவர் பேசுவது கன்னடமே இல்லை என்கிறார். அதன் பிறகு இரண்டு.

மராத்தியில் கன்னடத்துக்குக் கானடி என்று பெயர். அப்பா கேட்டது கண்ணாடி, அவருடைய மூக்குக்கண்ணாடி.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்புறம் நாற்காலியில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போய்க் குடித்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆறு மாடியும் இறங்கி ஆறு மாடியும் ஏறினேன்.

ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இதே ஊரில் பாணேரில் இருக்கும் என் வீட்டுக்கு அம்மாவோடு வந்தவர் அவர். தொற்று என்பதால் எங்களை உள்ளே விடவில்லை. காலையில் மருத்துவர் வெளியே வந்து, நினைவு தப்பிக்கொண்டே போகிறது, பேச்சுக்கு இத்தனை மதிப்பெண் என்று இந்தியில் சொல்வார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். அதற்குப் பிறகு இந்த ஒரு வருடமாக, ஃபோன் பண்ணுகிற எல்லோரிடமும் அம்மா சொல்வது இதுதான்: "ஒண்ணுந் தெரியாமப் போயிட்டாருங்க. அது வரைக்கும் புண்ணியம்." இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடுகிறார். அது பொய் என்று நான் எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி இருப்பது?

குழுவின் தலைமை மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். தொண்டையில் குழாய் இருப்பவர்களுக்குப் போடுவதுபோல, மொழி புரியாதவர்களுக்கும் 'மதிப்பிட முடியவில்லை' என்று போட்டுவிடலாம், இப்படி இன்னும் எத்தனை பேரோ என்றார். அந்த வரியை இனி நான் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

"ஐந்து போடுங்கள்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும். பதிவுக்குத் தெரியாதே" என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

கராடியிலிருந்து பாணேருக்கு ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். சொல்லிவிடுவது என்று மூன்று முறை முடிவு செய்தேன், வேண்டாம் என்று மூன்று முறை. நெரிசலில் பஸ் நகரவில்லை. இறங்கி மீதியை நடந்தேன்.

அம்மா கூடத்தில் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அப்பாவுக்கு நெனப்பு இருந்துருக்குங்ம்மா. கண்ணாடி கேட்டுருக்காரு. அங்க யாருக்கும் புரியல."

அம்மாவின் கை நின்றது. அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"கேட்டுருப்பாரு" என்றார். "அது இல்லீன்னா எதுத்தாப்ல நிக்கற ஆளு தெரியாது அவருக்கு. அதுக்குத்தானே ரெண்டாம் நாளு உன்றகிட்டக் குடுத்தேன், நர்சம்மாகிட்டக் குடுத்துரு கண்ணுன்னு."

"எங்கிட்டயா?"

"ஆமா. நீதான் திருப்பிக் குடுத்துட்டே. மூணு மார்க்குதான் போட்டுருக்காங்க, நெனப்பில்லாத மனுசனுக்குக் கண்ணாடி எதுக்குங்ம்மான்னு கேட்டே."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த காயை எடுத்தார்.

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் மூன்று மார்க் என்பதை என்னைத் தவிர வேறு யார் அம்மாவுக்குச் சொல்லியிருக்க முடியும்?