லாரிக்காரனுக்குச் சொன்ன நன்றி

வேல்விழியின் கணவன் ஜெயபாண்டி குடியை விட்டது இரண்டாயிரத்து ஆறு சித்திரையில். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து, அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவும் அவள் செக்கிங்கிலும் வேலை பார்த்த பதினோரு வருடமும் அந்தக் குடியோடுதான் கழிந்தது. அதற்கு முந்தின தையில், கூட வேலை பார்த்த சுப்பையன், சைக்கிள் கடை மாடியில் ஞாயிறுதோறும் நடந்த பௌத்த வகுப்புக்கு அவனைக் கூட்டிப்போனார். மூன்றே மாதத்தில் ஆள் மாறிவிட்டான்.

அங்கே கற்ற ஒன்றை வீட்டிலும் செய்தான். இந்தச் சோறு நம் கைக்கு வர யார் யார் பாடுபட்டார்கள் என்று நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். தட்டில் சோறு விழுந்ததும் கண்ணை மூடி, வாய்விட்டே சொல்வான்.

"நாத்து நட்ட பொம்பளைகளுக்கு நன்றி. காங்கேயம் மில்லுல நெல்லு அரைச்சவுகளுக்கு நன்றி. லாரி ஓட்டுனவருக்கு நன்றி. மழைக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி."

பதினோரு வயது மகள் அன்புசெல்வியும் கூடவே கண்ணை மூடுவாள்.

வேல்விழி சோற்றுக்கரண்டியோடு நின்று கேட்பாள். முதல் நாள் நெஞ்சு நெகிழ்ந்தது. ஒரு வாரம் போன பிறகுதான், வெயிலுக்கு அப்புறம் தன் பெயர் வரும் என்று காத்திருப்பது அவளுக்கே தெரிந்தது. வரவில்லை. விடியுமுன் குழாயடியில் குடம் வைத்து, உலை வைத்து, மூன்று டப்பா கட்டி, எட்டரைக்குக் கம்பெனி வாசலில் நிற்கிறவள் அவள். லாரிக்காரனை அவன் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

வீட்டுக்காரம்மா கருப்பாத்தாளிடம் ஒருநாள் மனம் தாங்காமல் சொல்லிவிட்டாள்.

"ஏங் கண்ணு, குடிச்சுப்போட்டு வந்து அடிச்சப்ப நாந்தானே ஓடியாந்து தடுத்தேன்? இப்ப அந்த மனுசன் இருக்கற எடம் தெரியாம இருக்கறாரு. உம்பட பேரச் சொல்லலீன்னு ஒரு கொறையா?"

வேல்விழிக்கு வெட்கமாகிவிட்டது. அடி வாங்கிய காலத்தில் அழுவதற்கு ஓர் இடமாவது இருந்தது. இதை யாரிடமும் அழ முடியாது.

ஐப்பசியில் சிக்குன்குனியா வந்தது. அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். வேல்விழிக்கு மணிக்கட்டு வீங்கித் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு நாள் கடைச் சாப்பாடு. மூன்றாம் நாள் அன்புசெல்வி சோறு பொங்கினாள். அடிப்பிடித்த வாடை பாயில் கிடந்தவள்வரை வந்தது.

ஜெயபாண்டி கண்ணை மூடினான். நாற்று, மில், லாரி, மழை, வெயில். கொஞ்சம் நிறுத்தி, "இந்தச் சோத்தை ஆக்குன எம்மகளுக்கு நன்றி" என்றான். குரல் தழுதழுத்தது. மகள் கூச்சத்தோடு சிரித்தாள்.

வேல்விழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். மூட்டு விடவில்லை.

"என்னைய ஒரு நா சொன்னீகளா?"

"என்னது?"

"ஆறு மாசமா லாரிக்காரனுக்கெல்லாம் சொல்லுறீக. என்னைய ஒரு நா சொன்னீகளா?"

அவன் நிஜமாகவே திகைத்தான். "உன்னைய எதுக்குத் தனியாச் சொல்லணும்? நீ செய்யிறது எப்பவும் நடக்குறதுதான?"

சொன்ன பிறகு அவனுக்கே என்னவோ போலிருந்தது. தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தான்.

மறுநாளிலிருந்து சேர்த்துக்கொண்டான். வெயிலுக்கு அடுத்து, "வேல்விழிக்கு நன்றி." லாரிக்காரனுக்குச் சொல்கிற அதே குரல். கேட்டு வாங்கியது அவள் தொண்டைக்குள் இறங்கவில்லை.

இருபது நாள் கழித்துக் கம்பெனிக்குப் போனபோது அவளுடைய செக்கிங் மேஜையில் வேறொருத்தி நின்றாள். இவளுக்கு, தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலை கொடுத்தார்கள். கத்தரியை அழுத்தும்போதெல்லாம் மணிக்கட்டு தெறித்தது.

ஒருநாள் மதியம் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தவள், என்ன தோன்றியதோ, கண்ணை மூடினாள். முகம் தெரியாத அந்த நாற்று நட்டவளை நினைத்தாள். இடுப்பு ஒடிய நட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவளும் அடுப்புத்தானே மூட்டியிருப்பாள். பிறகு குழாயடி, உலை, தன் வீங்கிய கை. ஜெயபாண்டி கற்றுக்கொண்டு வந்தது பொய்யில்லை என்று தெரிந்தது. அதுதான் அவளுக்குக் கசந்தது.

வாழ்நாளில் முதல்முறையாக அவசரமில்லாமல் மென்றாள். புளிக்குழம்பில் உப்பு கூடியிருந்தது. கை வீங்கியதிலிருந்தே அளவு தவறியிருக்க வேண்டும். தினமும் கண்ணை மூடிச் சாப்பிடுகிற வீட்டில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.